புது மோட்டார் வேண்டாம், அருள்

அருள், உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு ஒரு கண்ணால் படிக்கிற கடிதம் இல்லை இது. போன ஞாயிறு சர்ச் பூசை முடிந்த கையோடு ஃபோன் செய்து, "புதுசா பழசா, சட்டுனு சொல்லுங்கம்மா, நான் புக் பண்ணணும்" என்று கேட்டாய். நான் "ஒரு வாரம் டைம் குடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ பயந்துபோய் ஸ்டெல்லாவை விட்டு எனக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னாய். அம்மாவுக்குக் கோபம் ஒன்றும் இல்லையடா. பதில் இதோ. என் வாசலில் இப்போது ஒரு மோட்டார் நிற்கிறது! பச்சை நிறம், பதினோரு வயது, இரண்டாவது உதையில் கிளம்புகிற கப்சாய் பைக். என் பெயரில் இருக்கிறது. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை, அங்கேயேதான் நிற்கிறது.

நீ தலையில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. "பழசு கிழசுன்னு எங்கயாவது போய் மாட்டிக்காதீங்க" என்று நீ நாலு தடவை சொன்னாய். அதனால்தான் ஃபோனில் சொல்லவில்லை, நடுவில் புகுந்து என்னைப் பேசவே விடமாட்டாய். அன்று நான் பதிலைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் புதுசும் இல்லை பழசும் இல்லை. நீ கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை. "நீங்க நிதானமா ஓட்டுவீங்க, அப்பா மாதிரி கீழ போட மாட்டீங்க, அந்த நம்பிக்கைலதான் வாங்கித் தரேன்" என்றாய். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். உன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன், ஆனால் என் வழியில், முதலிலிருந்து.

உனக்கு என் மேல் முதல் வருத்தம் என்னவென்றும் தெரியும். என்னை வேலைக்கு ஏற்றிப்போகிற கமலாவின் கார் போனபிறகு நான் உங்களோடு டுரியான் துங்காலுக்கு வந்துவிடுவேன் என்று நினைத்தாய். கமலா ஜோகூருக்கு மாறிப்போனதும் பெம்பானிலிருந்து ஜாசின் பள்ளிக்கூட கேண்டீனுக்கு விடியக்காலை ஆறு மணிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை, அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. நீயும் ஸ்டெல்லாவும் எனக்கென்று ஒரு அறைக்கு இளம் மஞ்சளில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறீர்கள். என் கண்ணே பட்டுவிடும் போல அழகாக இருக்கிறது. ஆனால் அருள், எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. இருநூறு பிள்ளைகள் "ஆன்ட்டி, மீ கோரேங் சத்து!" என்று நூடுல்ஸ் தட்டுக்குக் கத்தினால்தான் எனக்குக் காலை விடிந்த மாதிரி இருக்கிறது. கல்யாணமான மறுவாரமே மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினால் ஸ்டெல்லா பாவம் இல்லையா? அவள் நல்ல பெண், வாயைத் திறந்து சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன். என் வீடும் என் வேலையும் எனக்கு வேண்டும். அதற்குக் கால் வேண்டும், இல்லையென்றால் இரண்டு சக்கரம் வேண்டும்.

அப்படித்தான் உன்னிடம் மூச்சு விடாமல் லைசென்ஸ் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைகள். முதல் நாள் என்னை யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அம்மா என்று நினைத்து வெளியே நாற்காலி போட்டார்கள். அந்தக் குறுகலான நீளப் பலகை மேல் ஓட்டவேண்டும், தெரியும்தானே? அதில் நான் முதல் தடவை ஏறின வேகத்தில் இந்தப் பக்கம் இறங்கினேன், இரண்டாவது தடவை அந்தப் பக்கம். சொல்லிக்கொடுத்த மலாய்க்காரத் தம்பி தொண்டை கிழியக் கத்துவார், "ஆன்ட்டி, பண்டாங் டெப்பான்! டயரைப் பார்க்காதே, முன்னால பாரு!" மலாயில் பாதி, எனக்காகக் கற்றுக்கொண்ட தமிழில் பாதி. நான் எப்போதும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்று பிறகு சொல்கிறேன். முதல் சோதனையில் தோற்றேன். இரண்டாவதில் பலகையின் கடைசி முனையைப் பார்த்துக்கொண்டே போனேன், போய்க்கொண்டே இருந்தேன், பலகை முடிந்து கீழே இறங்கியது கூடத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டி விசில் அடித்தார்கள். நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுது முகக்கண்ணாடி முழுக்க ஆவி மூடிவிட்டது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் உனக்குச் சொன்னேன்.

இப்போது உன் புது மோட்டாருக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு நான் ஜாசின் கடைக்குப் போகாமல் இருந்தேன் என்று நினைக்காதே. போனேன். கடை முதலாளி தவுக்கே அந்தச் சிவப்பு ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இது சினாங் லா, கியர் தாக் அடா" என்றார், கியர் இல்லாததால் சுலபமாம். சீட்டின் மேல் பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். அந்த வாசனை! அருள், மனதைத் திறந்து சொல்கிறேன், எனக்கு அது வேண்டும் போல் இருந்தது. எனக்கென்று கடையிலிருந்து புதிதாக வந்தது எது என்று யோசித்தால் கல்யாணச் சேலையும் ஒரு குக்கரும்தான். இந்த ஃபோன் கூட நீ வைத்திருந்தது. இறங்க மனமில்லாமல் இறங்கினேன். உன்னிடம் வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது என்று மட்டும் எண்ணிவிடாதே.

நம் மோட்டார் பட்டறை மணியம் அண்ணனிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சி, கத்துக்கிறவங்க எப்படியும் ஒரு தடவையாச்சும் சாய்ப்பாங்க. புதுசுல மொத கீறல் விழுந்துச்சுனு வைங்க, ஒரு மாசத்துக்கு ஓட்டமாட்டீங்க, தொடச்சிக்கிட்டே நிப்பீங்க. ஆனா பழசு வாங்கணும்னா பல்லைப் பாத்து வாங்கணும் லா. கண்ணை மூடிக்கிட்டு வாங்குறதுக்குப் புதுசே மேல்." எனக்கு அது சரி என்று பட்டது. புதுசு வாங்குகிறவனுக்குக் கடைக்காரன் பொறுப்பு, பழசு வாங்குகிறவனுக்கு அவன் கண்தான் பொறுப்பு. உனக்கு ஒரு காலத்தில் தேவைப்பட்டால் அவர் சொன்னதை நினைவில் வை. எஞ்சின் ஆறிக்கிடக்கும்போது போய்க் கிளப்பிப் பார்க்க வேண்டும், நமக்காகச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் நம்பரும் அடிச்சட்டத்து நம்பரும் கிராண்டில், அதுதான் பதிவுப் பத்திரத்தில், இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வாங்கின அன்றே பெயர் மாற்ற வேண்டும், நாளைக்கு என்று விடக்கூடாது.

இத்தனையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? டவுனில் ஒரு பையன் விற்ற நீல மோட்டாரைப் பார்த்ததும் சொக்கிப்போனேன். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. "ஒரே ஓனர் ஆன்ட்டி, ஒரு தடவகூட விழுந்ததில்ல, சத்தியமா" என்றான். நான் சரி என்று தலையாட்டப் போனேன். மணியம் அண்ணன் பெயிண்டைப் பார்க்கவே இல்லை, குனிந்து பிரேக் பிடியின் நுனியைப் பார்த்தார், கால் வைக்கும் கம்பியின் நுனியைப் பார்த்தார். பிறகு பின்னால் போய்க் குத்தவைத்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தார். முன் சக்கரம் ஒரு பக்கம் போனது, பின் சக்கரம் ஒரு பக்கம் போனது. "தம்பி, எங்க விழுந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "விழவே இல்ல அங்கிள்." அண்ணன் எழுந்து என்னைப் பார்த்து, "வாங்க தங்கச்சி, போலாம்" என்றார். வரும் வழியில், "விழுந்தது தப்பில்ல, இல்லன்னு சொல்றான் பாருங்க, அதான் பயம்" என்றார்.

மூன்று நாள் கழித்து நியாலாஸில் லெட்சுமி அக்காவின் வீட்டுக்குப் போனோம். மணியம் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள். பதினோரு வருடமாக அந்தப் பச்சை மோட்டாரில்தான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்வந்தவர். இப்போது கண்ணில் ஆப்பரேஷன், ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் குனிவதற்கு முன்பே அந்த அக்கா ஆரம்பித்துவிட்டார். "நான் சொல்லிடறேன் லா, நீங்க தேட வேணாம். இந்தக் கீறல், உடும்பு குறுக்க வந்தப்ப. இது மழையில பாலத்துல வழுக்குனது, முட்டி கூட பேந்துச்சு. இந்த நசுங்கல் இருக்கு பாரு, இது என் வீட்டுக்காரரோட சண்ட போட்டு நானே எட்டி உதைச்சது. மோட்டாருக்கு ஒண்ணும் ஆவல, என் காலுதான் வீங்கிப்போச்சு." மணியம் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பிறகு அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். லெட்சுமி அக்கா பதறிப்போய், "வேணாம்னா வேணாம்னு சொல்லேன் லா, அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். பதினோரு வருடத்தில் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறதே என்றுதான் அழுதேன். நான் ஒரே ஒரு தடவை விழுந்ததை முப்பது வருடமாகச் சொல்லவில்லை.

உன் தாடையில் இருக்கிற தழும்பு அப்பா போட்டது இல்லை, அருள். நான் போட்டது.

உனக்கு அப்போது இரண்டு வயது. நாம் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம், அப்பா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மோட்டாரை ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். தோட்டத்தில் அப்போது எந்தப் பெண்ணும் ஓட்டியதில்லை, கிழவிகள் வாய் கிழியப் பேசுவார்கள். உன் அப்பா, "பேசட்டும், வாய் வலிச்சா நிறுத்துவாங்க" என்றார். இரண்டு சாயங்காலம் செம்மண் ரோட்டில் கூடவே ஓடிவந்து சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது நாள் உன்னை முன்னால் பிரம்பு நாற்காலியில் மாட்டி உட்காரவைத்து மூன்று பேரும் போனோம். ஸ்டோரில் டிராக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறேன், இறங்கி நில்லு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் நிற்கவில்லை. ஒரு சுற்று போய்விட்டு அவர் வெளியே வரும்போது ராணி மாதிரி வந்து நிற்கவேண்டும் என்று ஆசை. நீ கைதட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வளைவில் மண் சரசரவென்றது, நான் பயந்து டயரைப் பார்த்தேன், முன் பிரேக்கை முழுசாகப் பிடித்துவிட்டேன்.

உன் தாடையிலிருந்து இரத்தம் கொட்டியது. அப்பா செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தார். மருந்துக்கொட்டகையில் டிரசர் தையல் போட்டுக்கொண்டே, "யாரு ஓட்டுனது?" என்று கேட்டார். வாசலில் பாதித் தோட்டம் நின்றது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அப்பா, "நான்தான்" என்றார். அன்று சம்பள நாள். சம்பள நாளில் மோட்டாரைக் கீழே போட்டவன் குடித்திருப்பான் என்று யாரும் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். உன் பாட்டி, என் அம்மா, ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. அவர் அன்று ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, அருள். பிள்ளையைக் கீழே போட்ட தாய் என்று என்னை ஒரு வார்த்தை யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, குடிகாரன் என்ற பேரை அவர் வாங்கிக்கொண்டார். முதல் நாள் நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது இன்னும் கஷ்டம். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

நீ பதினேழு வயதில் மோட்டார் கேட்டாயே, நினைவிருக்கிறதா? வேண்டாம் என்றது அப்பா என்றுதான் உனக்குத் தெரியும். அவரை அப்படிச் சொல்லச் சொன்னது நான், என் பயம். நீ தாடையைத் தொட்டுக் காட்டி, "என்னக் கீழ போட்டவரு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு" என்றாய். அவர் தட்டைப் பார்த்தார், பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்தார். நான் கையில் கறிக் கரண்டியோடு மரம் மாதிரி நின்றேன். இன்னொரு நாள் அவரிடம், "நான் புள்ளகிட்ட சொல்லிடறேங்க" என்றேன். "விடு, எம்மேல கோவம்னா வளந்து மறந்துடுவான், உம்மேல கோவம்னா தாங்கமாட்டான்" என்றார். நீ மறக்கவில்லை என்று அவருக்கும் தெரியும். அவர் மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "நீ நல்லாத்தான்டி ஓட்டுன, வளைவு வரைக்கும்" என்றார். அப்போதுகூட வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னை நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கோழை நான். வேறு வார்த்தை தெரியவில்லை.

அதனால்தான் உன் புது மோட்டாரை வாங்க எனக்குக் கை நீளவில்லை. அப்பா மாதிரி போடமாட்டாள் என்று நம்பி நீ வாங்கிக் கொடுப்பதில் நான் எப்படி ஏறி உட்காருவேன்? பச்சை மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது எங்கே எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், நான் எங்கே விழுந்தேன் என்று லெட்சுமி அக்காவுக்குத் தெரியும். ஆமாம், முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன், படியில் உட்கார்ந்து. முழுசும் கேட்டுவிட்டு, "சரி லா, நம்மகிட்ட சொல்லிட்ட. புள்ளகிட்ட எப்ப சொல்லுவ?" என்றார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். முன்பக்கம் ஒட்டியிருந்த வெளுத்துப்போன முருகன் ஸ்டிக்கரைக் காட்டி, "கிழிச்சிடவா, நீங்க வேதக்காரவங்க" என்று தயங்கினார். "இருக்கட்டுங்க்கா, பதினோரு வருஷமா வழி தெரிஞ்சவரு, கூட வரட்டும்" என்றேன். நேற்று ஃபாதர் தீர்த்தம் தெளிக்கும்போது அந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதற்கும் சேர்த்தே தெளித்தார்.

பெயர் மாற்றி முடித்ததும் மணியம் அண்ணன் தன் மோட்டாரில் பின்னால் வர, நியாலாஸிலிருந்து வீடு வரைக்கும் நானே ஓட்டிவந்தேன்! வழியில் ஒரு இடத்தில் கை காட்டித் திரும்பினேன். அண்ணன் பின்னாலிருந்து, "தங்கச்சி, பெம்பானுக்கு நேராப் போவணும்!" என்று கத்தினார். நான் பழைய தோட்டத்துக்குள் போனேன். ஸ்டோர் இல்லை, ரோட்டுக்குத் தார் போட்டிருக்கிறார்கள், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் வளைவு அப்படியே இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோக முடியும்? இரண்டாவது கியருக்கு வந்து, டயரைப் பார்க்காமல் வளைவின் கடைசியைப் பார்த்துத் திருப்பினேன். தாண்டிவிட்டேன் அருள்! தாண்டின சந்தோஷத்தில் யாருமே இல்லாத ரோட்டில் ஹாரனை விடாமல் அடித்தேன். நீ இரண்டு வயதில் சிரித்த மாதிரி சிரித்தேன்.

உன் பரிசை நான் தட்டிவிட்டேன் என்று நினைக்காதே. அந்தச் சிவப்பு ஸ்கூட்டரை ஸ்டெல்லாவுக்கு வாங்கிக் கொடு, அவளுக்கு ஆசை இருக்கிறது, உன்னிடம் சொல்லப் பயப்படுகிறாள். அவளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது, அவள் செய்கிற தவறை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. அது பெரிய அன்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கிக்கொள்கிறவளுக்கு அது வாழ்நாள் பாரம். அவள் விழுந்தால் அவளே சொல்லட்டும், நீ பக்கத்தில் நில். வீட்டில் எது எங்கே விழுந்தது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பேன். பெரிய ரோடு வேண்டாம், உள்ரோட்டிலேயே மெதுவாக வருவேன். கூடையில் இன்னொரு ஹெல்மெட் இருக்கும். உனக்குக் கோபம் இருந்தால் கேட்டைத் திறக்காதே, அது உன் உரிமை, நான் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், இப்போது எனக்கு வளைத்துத் திருப்பத் தெரியும். திறந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார். அப்பாவின் கல்லறைக்குப் போவோம். நான் கொஞ்சம் தள்ளி மோட்டார் பக்கத்திலேயே நிற்கிறேன், நீ அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வா.

வழியில் இரண்டு வளைவு இருக்கிறது. பயப்படாதே, என் தோளைப் பிடித்துக்கொள்.

உன்னைக் கீழே போட்ட
அம்மா